பதினோரு மாதத்துக்குப் பிறகு

(காஞ்சிபுரம் மாவட்ட வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வேலை என்கிற ஒற்றைச் சொல்லையே தலைப்பாக வைத்துப் பேசுங்கள் என்றார்கள் நண்பர்கள். நான் அதோடு ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொண்டு வந்திருக்கிறேன். படிப்பு முடிந்து போயிற்று, அல்லது பாதியில் நின்று போயிற்று. கையில் வேலையும் இல்லை. அப்படி இருக்கிற இருபது, இருபத்தைந்து வயதுப் பிள்ளைகளுக்கு வேலை என்றால் என்ன? அதுவும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு?

இந்த மண்ணில் கம்பெனிக்கா பஞ்சம்? 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உருண்டு வெளியே வந்தது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா போன் செய்யத் தொடங்கியது. 2007-ல் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங். 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான். இன்னும் டெய்ம்லர் லாரி, ராயல் என்ஃபீல்டு, அப்போலோ டயர். வல்லம் வடகாலில், பிள்ளைப்பாக்கத்தில், மாம்பாக்கத்தில் என்று சிப்காட் தொழிற்பூங்கா விரிந்துகொண்டே போகிறது. ராமானுஜர் அவதரித்த ஊர் என்று ஒரு காலத்தில் அறியப்பட்ட இடத்தில் இருந்து இன்று உலகம் முழுக்கக் காரும் போனும் போகின்றன. பெருமைதான். யார் இல்லை என்றார்கள்?

அப்படியானால் இங்கே வேலையில்லாத பிள்ளை இருக்கலாமா? இருக்கிறான். இருக்கிறாள். கம்பெனி மதில் சுவருக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறான். கம்பெனி பஸ் தினமும் நின்று போகும் அதே நிறுத்தத்துக்கு எதிர் வீட்டில் இருக்கிறாள்.

அவர்களைப் பற்றி நாம் என்ன பேசுகிறோம்? "இவ்வளவு கம்பெனி இருக்கு, இவனுக்குப் போக மனசில்ல. பொழுதன்னிக்கும் போனும் கையுமா இருக்கான்." டீக்கடையில் சொல்கிறோம், கல்யாண வீட்டில் சொல்கிறோம், அவன் காதில் விழும்படியே சொல்கிறோம். அடுத்த முறை அப்படிச் சொல்ல வாய் வரும்போது, ஒரு நிமிஷம் நிறுத்தி, ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். "ஏம்ப்பா, நீ வேலைக்கே போனதில்லையா?" நான் கேட்ட பிள்ளைகளில் அநேகம் பேர் சொன்ன பதில் ஒன்றுதான். "போனேன் சார். பிரேக் குடுத்துட்டாங்க."

இன்று மாலை நான் சொல்ல வந்தது முழுவதும் அந்தப் பதிலுக்குள் இருக்கிறது. இந்தப் பகுதியில் வேலையில்லாமல் இருக்கிற பிள்ளை பெரும்பாலும் வேலையே பார்க்காத பிள்ளை அல்ல. வேலைக்குப் போய், ஆறு மாதமோ பதினோரு மாதமோ உழைத்து, திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளை. அவன் வேலையை மறுக்கவில்லை. வேலைதான் அவனைத் தொடர்ந்து வைத்துக்கொள்ள மறுக்கிறது.

வாலாஜாபாத் பக்கத்துப் பையன் ஒருவன். பெயர் வேண்டாம். ஐ.டி.ஐ.-யில் பிட்டர் முடித்தவன். ஒரு கம்பெனியில் ட்ரெய்னி, இன்னொன்றில் கான்ட்ராக்ட், மூன்றாவதில் மறுபடியும் ட்ரெய்னி. இப்போது வீட்டில் இருக்கிறான். என்னிடம் ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொண்டுவந்து காட்டினான். உள்ளே கழுத்துப் பட்டையோடு மூன்று அடையாள அட்டை, இ.எஸ்.ஐ. சீட்டு, சம்பள ரசீதுகள். "உனக்கு என்ன வேலை தெரியும்னு இதுல எங்கப்பா எழுதியிருக்கு?" என்று கேட்டேன். கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எதிலும் இல்லை. பிறகு சொன்னான்: "முன்னாடி இடது பக்கக் கதவு சார். அதுல நாலு போல்ட். அது மட்டும் கண்ண மூடிக்கிட்டு முடுக்குவேன். அந்த வண்டி ஸ்டார்ட் ஆகி நான் பாத்ததே இல்ல."

இதை நாம் எப்படிப் புரிந்துகொள்வது? அவன் உழைத்தான், சம்பளம் வாங்கினான், அம்மாவுக்குப் புடவை எடுத்துக் கொடுத்தான், தங்கச்சிக்கு ஃபீஸ் கட்டினான். அதெல்லாம் உண்மை. ஆனால் மூன்று கம்பெனி பார்த்த பிறகும் முதல் நாள் எங்கே நின்றானோ அங்கேயேதான் நிற்கிறான். நாற்றைப் பிடுங்கி நட்டு, அது வேர் பிடிப்பதற்குள் மறுபடி பிடுங்கி வேறு வயலில் நட்டால் கதிர் எப்படி வரும்?

அந்தப் பையன் இன்றைக்கும் காலை நாலரைக்கு விழித்துக்கொள்கிறானாம். ஏ ஷிப்டுக்குப் பழகிய உடம்பு. எழுந்து உட்கார்ந்திருக்கிறான். ஆறு மணிக்குள் கம்பெனி பஸ்கள் எல்லாம் போய்விடும். ஏழு மணிக்கு மேல்தான் டீக்கடைக்குப் போகிறான். ஏன்? பஸ்ஸுக்கு நிற்பவர்கள் கண்ணில் படக்கூடாது என்பதற்காக. "இன்னுமா சும்மா இருக்க?" என்று யாரும் கேட்டுவிடக்கூடாது என்பதற்காக.

நண்பர்களே, இந்த வலி இன்றைக்கு நேற்று வந்தது அல்ல. ஆஸ்திரியா நாட்டில், வியன்னா நகரத்துக்குப் பக்கத்தில் மரியென்டால் என்று ஒரு சிற்றூர். ஊருக்கே சோறு போட்டது ஒரு துணி மில். உலகப் பொருளாதாரம் சரிந்த நேரத்தில், 1930 வாக்கில், அந்த மில் மூடப்பட்டது. அங்கே இருந்த 478 குடும்பங்களில் முக்கால்வாசிக் குடும்பங்கள் வேலை இழந்தன. அந்த ஊருக்கு ஓர் ஆய்வுக் குழு போனது. அந்தக் குழுவில் இருபத்தைந்து வயதைக்கூட எட்டாத ஒரு பெண், மேரி யஹோடா. அவர்கள் கண்டதை 1933-ல் புத்தகமாகவே போட்டார்கள்.

என்ன கண்டார்கள்? பசியைக் கண்டார்கள், அது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராத ஒன்றையும் கண்டார்கள். மில் நடந்தபோது அந்த ஊர் மக்களுக்குப் படிக்க நேரமில்லை. ஆனாலும் நூலகத்தில் புத்தகம் எடுத்தார்கள். மில் மூடிய பிறகு நாள் முழுக்க நேரம். நூலகக் கட்டணமும் இல்லை என்றாகிவிட்டது. அப்படியும் புத்தகம் எடுப்பது சரிபாதிக்குக் குறைந்துவிட்டது! ஆண்கள் கைக்கடிகாரம் கட்டுவதை விட்டார்கள். தெருவில் நடக்கும் வேகம் குறைந்தது. ஜன்னலோரம் நின்று, கடிகாரம் வைத்து, யார் எத்தனை முறை நடுத்தெருவில் நின்று நின்று போகிறார்கள் என்று கணக்கெடுத்தார்கள் ஆய்வாளர்கள். வேலை போனவனுக்கு நேரம் கிடைக்கவில்லை; இருந்த நேரமும் உருக்குலைந்து போயிற்று.

யஹோடா பின்னாளில் இதையே விரித்து எழுதினார். வேலை கூலியை மட்டும் தருவதில்லை. நாளுக்கு ஒரு வடிவம் தருகிறது. வீட்டுக்கு வெளியே நாலு பேரைத் தருகிறது. பலர் சேர்ந்து செய்கிற காரியத்தில் ஒரு பங்கைத் தருகிறது. ஊரில் ஒரு நிலையைத் தருகிறது. கையையும் மனத்தையும் சும்மா விடாமல் வைத்திருக்கிறது. காலை நாலரைக்கு விழித்து உட்கார்ந்திருக்கிற நம் பையனுக்கும், கடிகாரத்தைக் கழற்றி வைத்த அந்த மரியென்டால் மனிதனுக்கும் நடுவில் தொண்ணூறு வருஷம் இருக்கிறது. துயரம் ஒன்றுதான்.

இங்கே ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். நம் ஊர் ஆண் பிள்ளை சும்மா இருந்தால் நாலு பேர் கண்ணுக்குத் தெரிகிறான். பெண் பிள்ளை சும்மா இருந்தால்? தெரியவே தெரியாது. "வீட்ல இருக்கா, மாப்பிள்ளை பாக்கறோம்" என்று முடித்துவிடுகிறோம். அரசாங்கக் கணக்கும் ஏறக்குறைய அப்படித்தான். வேலை தேடினேன், அல்லது கிடைத்தால் செய்யத் தயார் என்று சொன்னால்தான் வேலையில்லாதவர் பட்டியலில் இடம். வீட்டு வேலை பார்க்கிறேன் என்றால் பட்டியலுக்கே வெளியே. சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2024-ல் மனித வளர்ச்சி நிறுவனத்தோடு சேர்ந்து வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கை என்ன சொல்கிறது? படிப்பிலும் இல்லாமல், வேலையிலும் இல்லாமல், பயிற்சியிலும் இல்லாமல் இருப்பவர்களின் விகிதம் இளம் ஆண்களை விட இளம்பெண்களிடம் ஏறத்தாழ ஐந்து மடங்கு என்கிறது. அதே அறிக்கைதான் இந்த நாட்டில் வேலையில்லாதவர்களில் நூற்றுக்கு 83 பேர் அளவில் இளைஞர்கள் என்றும் சொல்கிறது.

ஆனால் இந்தப் பகுதி பெண்களுக்கு வேலை கொடுத்த பகுதி ஆயிற்றே என்பீர்கள். கொடுத்தது! அதை நான் மனசாரச் சொல்கிறேன். பிளஸ் டூ முடித்த கையோடு கல்யாணம் என்றிருந்த எத்தனையோ கிராமங்களிலிருந்து பெண் பிள்ளைகள் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு நோக்கியாவுக்குப் போனார்கள். ஆயிரக்கணக்கில் போனார்கள். தன் பெயரில் வங்கிக் கணக்கு, தன் காசில் ஒரு சுடிதார், வீட்டில் ஒரு பேச்சுக்குத் தன் வார்த்தையும் ஒரு வார்த்தை. இதெல்லாம் சின்ன விஷயமா?

பிறகு என்ன நடந்தது? வரி வழக்கு வந்தது. நோக்கியாவின் போன் தொழிலை 2014 ஏப்ரலில் மைக்ரோசாப்ட் வாங்கியது. ஸ்ரீபெரும்புதூர் ஆலையை மட்டும் விட்டுவிட்டு வாங்கியது. 2014 நவம்பர் 1-ஆம் தேதி ஆலை நின்றது. அதற்குள் ஐயாயிரம் பேர் அளவில் விருப்ப ஓய்வுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். எத்தனை வயதில்? அவர்களில் எத்தனையோ பேருக்கு முப்பது நிரம்பவில்லை. பணி ஓய்வு என்றால் பேரன் பேத்தி என்று நினைக்கிற ஊரில், கல்யாணத்துக்கு முன்னாலேயே ஓய்வு பெற்றவர்கள் இந்தப் பிள்ளைகள். அந்த ஆலையைப் பின்னர் சால்காம்ப் நிறுவனம் வாங்கியது, கட்டடத்துக்கு மறுவாழ்வு கிடைத்தது. கட்டடத்துக்கு வயசாவதில்லை. மனுஷிக்கு ஆகிறது. மின்கம்பத்தில் ஒட்டியிருக்கிற ஆள் எடுக்கும் நோட்டீஸைப் படித்துப் பாருங்கள், பதினெட்டிலிருந்து இருபத்தைந்து என்று வயதுக்கு ஓர் எல்லை போட்டிருக்கும். கல்யாணமான பெண்களைப் போன் பொருத்தும் வேலைக்கு எடுப்பதில்லை என்று இதே ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதி பாக்ஸ்கான் ஆலையைப் பற்றி 2024-ல் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. மத்திய தொழிலாளர் அமைச்சகம் அறிக்கை கேட்டது. அப்படியானால் இருபத்தாறு வயதில், கழுத்தில் தாலியோடு வேலை தேடுகிறவள் எங்கே போவாள்?

சம்பளம் மட்டும்தான் வேலையா என்று கேட்டால், அதற்கும் அந்தப் பெண்களே பதில் சொல்லியிருக்கிறார்கள். 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் நூற்றுக்கும் மேற்பட்ட பாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மற்றவர்கள் என்ன செய்தார்கள்? சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் ராத்திரி உட்கார்ந்தார்கள். கூலி உயர்வு கேட்டு உட்காரவில்லை. கூட வேலை செய்கிறவள் எப்படி இருக்கிறாள், சொல்லுங்கள் என்று கேட்டு உட்கார்ந்தார்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்குகிற அளவுக்கு விடுதி திறக்கப்பட்டது. நல்ல காரியம். அந்தச் சாலை மறியலுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு என்றே நான் நினைக்கிறேன்.

கம்பெனிக்காரர்கள் ஒரு நியாயம் சொல்வார்கள். ஆர்டர் ஒரு மாதம் ஏறும், ஒரு மாதம் இறங்கும்; மாடல் மாறும்; எல்லோரையும் நிரந்தரமாக வைத்துக்கொண்டால் கட்டுப்படி ஆகாது என்பார்கள். ஏற்ற இறக்கம் உண்மைதான், நான் மறுக்கவில்லை. அந்த இறக்கத்தை யார் தலையில் வைப்பது என்பதுதான் கேள்வி. இருப்பதிலேயே சின்ன வயது, இருப்பதிலேயே குறைந்த சம்பளம், இருப்பதிலேயே குரல் இல்லாத பிள்ளை. அவன் தலையில்தான் அது வந்து விழுகிறது.

சட்டம் இல்லையா? இருக்கிறது! நம் தமிழ்நாட்டுக்கே உரிய சட்டம், 1981-ல் வந்தது. இரண்டு வருஷத்துக்குள் 480 நாள் வேலை பார்த்த தொழிலாளிக்கு நிரந்தர அந்தஸ்து தர வேண்டும் என்கிறது. இப்போது நம் பையன் ஏன் பதினோராவது மாதத்தில் வெளியே வருகிறான் என்று யோசித்துப் பாருங்கள். 480-ஐ எட்டவிடாமல் கணக்கு தொடர்ந்து முறிந்துகொண்டே இருக்கிறது. முறியாவிட்டாலும், அப்ரென்டிஸ் என்று எடுத்துவிட்டால் 1961-ஆம் ஆண்டு சட்டப்படி அவன் தொழிலாளியே அல்ல, பயிற்சி பெறுபவன். 2013-ல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமம் 'நீம்' என்றொரு திட்டம் கொண்டுவந்தது. படித்துக்கொண்டிருப்பவர்களுக்கும், படிப்பைப் பாதியில் விட்டவர்களுக்கும் தொழில் கற்றுத்தருவதற்கென்றே வந்த திட்டம். நோக்கம் தங்கம். ஆனால் இந்தப் பக்கத்து லைன்களில் 'நீம் ட்ரெய்னி' என்று நின்ற பிள்ளைகளைக் கேளுங்கள். பக்கத்தில் நின்ற நிரந்தரத் தொழிலாளி செய்த அதே வேலையைத்தான் செய்தோம் என்பார்கள். 2022 கடைசியில் அந்தத் திட்டமே திரும்பப் பெறப்பட்டது. அதில் கழிந்த வருஷங்களைத் திரும்பத் தர யாரால் முடியும்?

அதனால்தான் சொல்கிறேன். இந்தப் பிள்ளைகளிடம் வேலை என்றால் என்ன என்று கேட்டால் "பெர்மனென்ட்" என்று ஒரே வார்த்தையில் சொல்கிறார்கள். நாம் அதைப் பேராசை என்று நினைக்கிறோம். அது பேராசை இல்லை. பெண் கேட்டுப் போன இடத்தில் முதல் கேள்வி என்ன? "மாப்பிள்ளை பெர்மனென்டா?" வண்டிக் கடன் கேட்டால் வங்கியில் முதல் கேள்வி என்ன? அதேதான். ஒரகடத்தில் ஒண்டுக் குடித்தனம் வாடகைக்குக் கேட்டாலும் அதேதான். ஊர் முழுக்க அந்த ஒரு கேள்வியைத்தான் கேட்கிறது. பிள்ளை அந்த ஒரு பதிலைத் தேடுகிறான். அடுத்த தீபாவளிக்கு நான் எங்கே இருப்பேன் என்று தெரிய வேண்டும் என்கிறான். தங்கச்சி கல்யாணத்துக்குச் சீட்டு கட்டலாமா என்று தெரிய வேண்டும் என்கிறான். கட்டத் தொடங்கிய சீட்டைப் பாதியில் விடாமல் முடிக்கிற அளவுக்கு நீளமான வேலை. அவ்வளவுதான் அவன் கேட்பது.

அரசாங்கம் ஒன்றும் தரவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து வருஷம் காத்திருந்தவருக்கு உதவித்தொகை உண்டு. எவ்வளவு? பத்தாவது தவறியவருக்கு மாதம் 200 ரூபாய். பத்தாவது தேறியவருக்கு 300. பிளஸ் டூவுக்கு 400. பட்டதாரிக்கு 600. மூன்று வருஷத்துக்கு. இருநூறு ரூபாயை முப்பது நாளுக்கு வகுத்துப் பாருங்கள், தாய்மார்களே. நாளுக்கு ஏழு ரூபாய்கூட வராது. இன்டர்வியூவுக்கு பஸ் ஏறி இறங்கக் காணுமா? ஒரு டீக்குக் காணுமா? 2022-ல் 'நான் முதல்வன்' என்கிற திறன் பயிற்சித் திட்டம் வந்தது, நல்ல திட்டம். ஆனால் அது முதலில் பள்ளிக்குள்ளும் கல்லூரிக்குள்ளும் இருக்கிற பிள்ளையைத்தான் தொடுகிறது. கல்லூரி வாசலையும் தாண்டி, கம்பெனி வாசலையும் தாண்டி, இரண்டுக்கும் நடுவில் நிற்கிற பிள்ளையைத் தேடிப் போகிற திட்டம் இன்னும் பெரிதாக வர வேண்டும்.

நான் கேட்பது பெரிய புரட்சி எதுவும் இல்லை. ட்ரெய்னியாகவோ கான்ட்ராக்டாகவோ ஒரு பிள்ளை லைனில் நின்ற நாளெல்லாம் அந்த 480-ல் சேர வேண்டும். என்ன பெயரில் எடுத்தாலும் சேர வேண்டும். அவனை வெளியே அனுப்பும்போது, இவன் இன்ன இயந்திரத்தில் இன்ன வேலையை இவ்வளவு காலம் செய்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து அனுப்ப வேண்டும். உதவித்தொகையை, தேடிப் போகிற செலவுக்காவது காணும்படி உயர்த்த வேண்டும். கல்யாணமான பெண்ணுக்கும், இருபத்தாறு வயதுக்கும் கதவு திறக்க வேண்டும். இதில் எது நடக்காத காரியம்?

இதையெல்லாம் அரசாங்கமும் கம்பெனியும் செய்கிற வரைக்கும் நாம் கைகட்டி உட்கார்ந்திருக்கப் போகிறோமா? வேண்டாம். மேடைக்கு இடது பக்கம் ஒரு மேசை போட்டிருக்கிறோம். ஐ.டி.ஐ. ஆசிரியர்கள் இருவர் அங்கே உட்காரச் சம்மதித்திருக்கிறார்கள். வேலைக்குப் போய்த் திரும்பி வந்த தம்பிகள், தங்கைகள், கூட்டம் முடிந்ததும் அங்கே வாருங்கள். எந்தெந்த லைனில் நின்றீர்கள், எந்தக் கருவியைப் பிடித்தீர்கள், எத்தனை மாதம், எந்தத் தேதியில் பிரேக் கொடுத்தார்கள் என்று சொல்லுங்கள். ஆசிரியர்கள் அதைத் தொழில் தெரிந்தவர்கள் படித்துப் புரிந்துகொள்கிற விதத்தில் உங்கள் பெயரில் ஒரு தாளில் எழுதித் தருவார்கள். அதன் ஒரு பிரதி உங்களிடம் இருக்கும். நீங்கள் சம்மதித்தால் இன்னொரு பிரதியை வாசகர் வட்டம் சேர்த்து வைத்து, மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கும் தொழிலாளர் துறைக்கும் மனுவோடு எடுத்துப் போகும். வாங்கிவைத்திருக்கிற அடையாள அட்டை, சம்பள ரசீது எது இருந்தாலும் கொண்டுவாருங்கள். இன்று கொண்டுவராதவர்கள் அடுத்த மாதக் கூட்டத்துக்கு எடுத்துவாருங்கள், மேசை இருக்கும்.